கயிற்றைக் கட்டாதே, பிடி!

உங்களுக்கு ஒரு கேள்வி. படகில் ஜாலியாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஆறு திடீரென்று ஐந்தடிப் பள்ளத்தில் இறங்குகிறது. படகுக்குப் படி இறங்கத் தெரியாது. என்ன செய்வீர்கள்?

'கரையோரமா இறங்கி நடந்துடுவேன்' என்கிறவர்கள் புத்திசாலிகள். நானும் என் சித்தப்பா பையனும் அந்த ரகம் இல்லை. இங்கிலாந்தில் ரெடிங் ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அவன், "வாண்ணா, தேம்ஸ்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று இழுத்துப் போனான். ஹென்லியில் வாடகைப் படகு. ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் பத்து நிமிஷம் பேசினார். நாங்கள் கேட்டது இரண்டு நிமிஷம். மீதி எட்டு நிமிஷம் போட்டோ!

முதல் குழப்பம், அந்த ஊரில் ரோட்டில் இடது பக்கம், ஆற்றில் வலது பக்கம். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. கரையில் சைக்கிளில் போன தாத்தா எங்களை ஓவர்டேக் செய்துவிட்டு டாட்டா காட்டினார்.

தேம்ஸ் படிப்படியாகத்தான் இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் குறுக்கே ஒரு தடுப்பணை. பக்கத்திலேயே படகு போக 'லாக்'. இப்படி 40-க்கும் மேல் உண்டு. லாக் என்றதும் திண்டுக்கல் பூட்டை நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் கதவு வைத்த பெரிய தண்ணீர்த் தொட்டி அது. மேல் கதவு வழியாக உள்ளே போக வேண்டும். அதைச் சாத்திவிட்டுக் கீழ்ப்பக்க மதகைத் திறந்தால் தண்ணீர் வடியும், படகும் கூடவே இறங்கும். தண்ணீரில் ஓடுகிற லிஃப்ட்!

பயப்பட வேண்டியது பக்கத்தில் இருக்கிற தடுப்பணைக்கு. படகிலிருந்து பார்த்தால் பள்ளமே தெரியாது. கோடு கிழித்த மாதிரி ஆறு அங்கே முடிந்துபோகும், அவ்வளவுதான். கீழே விழுகிற தண்ணீர் சுருண்டு மறுபடி அணையை நோக்கியே வரும். மாட்டினால் நல்ல நீச்சல்காரனையும் உருட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அம்புக்குறி போட்டு லாக் பக்கம் திருப்பி விடுகிறார்கள். ஆற்றின் வேகம் கூடினால் லாக்கில் மஞ்சள் பலகை. அபாய அளவுக்குப் போனால் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் படகைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவது உத்தமம்.

லாக் வருவதற்கு முந்தைய காலத்தில், அணையிலிருந்து பலகைகளை உருவிவிட்டு, பாய்கிற வெள்ளத்தோடு படகைச் சறுக்க விடுவார்களாம். 1674-ல் கோரிங் என்ற ஊரில் திருவிழாவுக்குப் போய்த் திரும்பியவர்களில் சுமார் 60 பேர், அணையில் படகு கவிழ்ந்து இறந்துபோனார்கள். நாங்கள் போன ஹாம்பிள்டன் லாக் முதலில் கட்டப்பட்டது 1773-ல்.

உள்ளே நுழைந்தோம். என்ஜினை அணைத்தோம். கரையில் இருந்த குட்டைத் தூணில் தம்பி கயிற்றைச் சுற்றினான். சுற்றியதோடு விட்டானா? "பத்திரமா இருக்கட்டும்ணா" என்று இரண்டு முடிச்சும் போட்டான். நான் பாராட்டினேன்.

தண்ணீர் இறங்கியது. படகின் பின்பக்கம் இறங்கியது. முன்பக்கம் இறங்கவில்லை! கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்தது. பை, தண்ணீர் பாட்டில், தம்பி எல்லாம் என் பக்கம் சரிந்து வந்தார்கள். "வெட்டிடலாமா?" என்று தம்பி கத்தினான். வெட்டியிருந்தால் படகு தொப்பென்று விழுந்து நாங்களும் விழுந்திருப்போம்.

லாக்கைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் ஓடிப்போய் சிவப்பு பட்டனை அமுக்கினார். மதகு மூடியது. மேல்பக்க மதகைக் கொஞ்சம் திறந்து மறுபடி தண்ணீர் விட்டார். படகு மெல்ல நிமிர்ந்தது. "கயிற்றைக் கட்டக் கூடாது தம்பிகளா. தூணைச் சுற்றி எடுத்து நுனியைக் கையில் பிடியுங்கள். தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொடுங்கள்" என்றார் அமைதியாக. ஹென்லிக்காரர் சொன்ன அந்த எட்டு நிமிஷத்தில் இதுவும் இருந்திருக்கும்!

தண்ணீர் ஏறக்குறைய வடிந்த பிறகும் கதவைத் திறக்கவில்லை. "இன்னும் நாலு விரக்கடைதானே?" என்று முணுமுணுத்தான் தம்பி. பி.காம். மூளை கணக்குப் போட்டது. கதவு 3 மீட்டர் அகலம், தண்ணீர் 2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மட்டம் 10 சென்டிமீட்டர் வித்தியாசப்பட்டாலே, கதவின் மேல் சுமார் 600 கிலோ அழுத்தம். பத்துப் பேர் தள்ளினாலும் அசையாது. மட்டம் சமமானதும் சாதுவாகத் திறந்துகொண்டது.

திரும்பி வரும்போது அதே லாக்கில் மேலே ஏற வேண்டும். அதில் வேறு வில்லங்கம். படகின் மூக்கு ஏதாவது கட்டைக்கு அடியில் சிக்கினால், ஏறுகிற தண்ணீர் படகை அமுக்கிவிடும். ஜெரோம் கே. ஜெரோம் 1889-ல் எழுதிய 'த்ரீ மென் இன் எ போட்' நகைச்சுவைப் புத்தகத்தில், போட்டோவுக்கு போஸ் கொடுக்கும்போது ஹீரோக்களுக்கு நடப்பது இதுதான். கேமராவை எடுத்துப் பைக்குள் போட்டேன். இந்த முறை முடிச்சு இல்லை. ஆளுக்கொரு கயிறு, கையில்.

பெரியவர் எங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். சிரித்தார். பேசாமல் போய் சிவப்பு பட்டன் பக்கத்தில் நின்றுகொண்டார்!