புக்காராவின் உதிரிப்பாகங்கள்

போர் நடந்த தொண்ணூறுகளில் இலங்கையின் மானிப்பாயில் வளர்ந்த பிள்ளைகள், ஆகாயத்தில் எழும் இரைச்சலைக் கொண்டே வருவது சகடை என்று ஊரார் அழைத்த குண்டுவீச்சு விமானமா, புக்காராவா என்று சொல்லிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்குவார்கள். ஆர்ஜென்டீனாவின் கோர்தோபா நகரத்தில் உருவாகி, 1969 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்த புக்காரா, தாழப் பறந்து தரையிலுள்ள இலக்குகளைத் தாக்குவதற்கென்றே, 20 மில்லிமீற்றர் பீரங்கிகள் இரண்டும் இயந்திரத் துப்பாக்கிகள் நான்கும் பொருத்தி அமைக்கப்பட்ட விமானம். இலங்கை விமானப்படை 1993இல் நான்கை வாங்கிற்று. 1995 ஜூலை 9ஆம் திகதி, மானிப்பாயை அடுத்த நவாலியில், தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த அகதிகளில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் குண்டுகள் பலிகொண்டபோது, கண்டவர்கள் புக்காரா என்றே கூறினர்.

இத்தகைய யந்திரத்தின் ஆயுள் உதிரிப்பாகத்தைப் பொறுத்தது. புக்காராவின் அஸ்தாசு எஞ்சின் இரண்டும் பிரான்சினுடையவை. அபாய வேளையில் விமானியை வெளியே எறியும் ஆசனமோ பிரித்தானிய மார்ட்டின்-பேக்கர் கம்பனியினது. அந்தப் பிரித்தானியாவோடுதான் 1982இல் ஆர்ஜென்டீனா போக்லாந்துத் தீவுகளுக்காகப் போரிட்டது என்பது விசித்திரமே! மொத்தம் நூற்றுக்குச் சற்று அதிகமாகவே கட்டப்பட்ட ஒரு விமானத்துக்கு, கடைத்தெருவில் சைக்கிள் சாமான் வாங்குவதுபோல் எஞ்சின் தகடு வாங்க இயலாது. உற்பத்தி நின்றபின், பழுதான ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பறக்கவிடுவதே உலகெங்கும் வழக்கம். நான்கில் மூன்றை இழந்துவிட்ட படைக்கு அந்த வழியும் அடைபட்டுப் போக, எஞ்சிய ஒன்று 1999இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டது. ஆர்ஜென்டீனாவே பிற்காலத்தில் அஸ்தாசுவைக் கைவிட்டுக் கனடாவின் எஞ்சினைப் பொருத்திப் பார்க்கலாயிற்று.