வருகிறது, வருகிறது என்றார்கள், கார் வரவில்லை!

தம்பானூரில் பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே சாலையைக் கடக்க நிற்பவர்கள் ஒரு மாறுதலைக் கவனித்திருப்பார்கள். முன்பெல்லாம் வண்டி வருவது காதுக்குத் தெரியும். இப்போது ஓசையே இல்லாமல் மின்சார ஸ்கூட்டரும் மின்சார ஆட்டோவும் வந்து பக்கத்தில் நிற்கின்றன. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு, நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் குமாஸ்தாக்கள் முதல் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் நம்மவர்கள் வரை எல்லோருக்கும் மின்சார வண்டிமேல் ஒரு கண் விழுந்திருக்கிறது.

பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நம்மவர் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி, கிருஷ்ணகிரியில கார் செய்யப் போறதாச் சொன்னாங்களே, அது என்ன ஆச்சு?" என்று இளையவர் கேட்டார். "அது காயிதத்துலயே ஓடி முடிஞ்சுட்டுதப்பா" என்றார் பெரியவர். வேடிக்கையாகச் சொன்னாலும், அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

ஓலா எலெக்ட்ரிக் கம்பெனியின் கதையைத் தேதிவாரியாகப் பார்ப்போம். 2022 ஆகஸ்டு 15-ந் தேதி அதன் தலைவர் பவீஷ் அகர்வால் மின்சார கார் ஒன்றை அறிவித்தார். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட நான்கே விநாடி. ஒரு தடவை சார்ஜ் செய்தால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். கூரை முழுவதும் கண்ணாடி. கதவுக்குக் கைப்பிடி கிடையாது, சாவியும் கிடையாது. 2024-ல் கார் வந்துவிடும் என்றார்கள். 2023 பிப்ரவரியில் தமிழக அரசுடன் ஒப்பந்தமும் ஆயிற்று. முதலீடு 7,614 கோடி ரூபாய், வேலைவாய்ப்பு 3,111 பேருக்கு, ஆண்டுக்கு 1,40,000 கார்கள். பேட்டரி உற்பத்தியும் சேர்ந்த திட்டம் அது.

2024 வந்தது. கார் வரவில்லை. அந்த ஆண்டு ஜூலையில், கம்பெனி பொதுமக்களிடம் பங்கு விற்கக் கிளம்பிய சமயத்தில், கார் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்றும் இனி இரு சக்கர வண்டியில்தான் கவனம் என்றும் செய்தி வெளியாயிற்று. அறிவிப்பு நடந்தது சுதந்திர தினத்தில், பெரிய மேடையில், தாரை தப்பட்டையோடு. கைவிட்ட செய்தியோ பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. தேதி சொல்லும்போது இருக்கும் குரல், தேதி தவறும்போது யாருக்கும் இருப்பதில்லை!

பங்கு விற்பனை மட்டும் குறித்த நாளில் நடந்தது. 2024 ஆகஸ்டில் பங்கு ஒன்று 76 ரூபாய். திரட்டிய தொகை சுமார் 6,145 கோடி. சில நாட்களில் விலை 150 ரூபாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ஐம்பது ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. சம்பளத்தில் மிச்சம் பிடித்த இருபதாயிரத்தைப் போட்ட ஒரு குமாஸ்தாவுக்கு இது வர்த்தகப் பக்கத்துச் செய்தி மட்டும் அல்ல.

ஸ்கூட்டர் கதையையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஏனென்றால் ஸ்கூட்டர் உண்மையிலேயே வந்தது. 2021 ஜூலையில் 499 ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம் என்றார்கள். ஒரே நாளில் லட்சம் பேர் பதிந்தார்கள். அக்டோபரில் வண்டி என்று சொன்னது டிசம்பரில்தான் கைக்கு வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் எழுந்த ஆலை, முழு அளவில் நடந்தால் ஆண்டுக்கு ஒரு கோடி வண்டி செய்யும் என்பது அன்றைய பேச்சு. 2024-25-ல் அந்தக் கம்பெனி வாடிக்கையாளருக்குக் கொடுத்த வண்டிகள் சுமார் 3,60,000. கோடியில் நூற்றுக்கு நான்குகூட இல்லை. இருந்தாலும் மூன்றரை லட்சம் வண்டி என்பது சாதாரண எண்ணிக்கை அல்ல. அப்படியே சொல்லியிருந்தால் மெச்சியிருக்கலாம்.

விற்ற பிறகு நடந்ததுதான் பெரிய குறை. 2023 செப்டம்பரிலிருந்து ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு இந்த வண்டிகளைப் பற்றி வந்த புகார்கள் 10,644. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. நூற்றுக்கு 99 புகார்களைத் தீர்த்துவிட்டோம் என்பது கம்பெனியின் பதில்.

சாலக்குடியில் பிறந்த கார்

ஓலாவை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதே 2021 ஆகஸ்டு 15-ல் 'சிம்பிள் ஒன்' என்று இன்னொரு மின்சார ஸ்கூட்டரும் அறிவிக்கப்பட்டது. அதன் ஆலையும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சூளகிரியில். முதல் வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போனது 2023 ஜூனில். அறிவித்தபோது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்ற விலை, வந்தபோது ஒன்றே முக்கால் லட்சத்தை நெருங்கவில்லையே தவிர, ஒன்றரை லட்சத்தை எட்டிப் பார்த்தது.

அமெரிக்காவின் டெஸ்லாவுக்கு 2016-ல் ஆயிரம் டாலர் கட்டிவிட்டு 'மாடல் 3' காருக்குக் காத்திருந்த இந்தியர்கள் உண்டு. கம்பெனி பம்பாயில் கடை திறந்தது 2025 ஜூலையில். விற்க வைத்ததோ வேறு கார், விலை அறுபது லட்சத்தை ஒட்டி. 2017-ல் காட்டி, 2020-ல் தருவோம் என்ற அதன் 'ரோட்ஸ்டர்' 2025 முடியும் வரையில் ஒருவர் கைக்கும் போய்ச் சேரவில்லை.

நமக்கு அருகிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். 1993-ல் டில்லி மோட்டார் கண்காட்சியில் 'லவ்பேர்ட்' என்ற சின்ன மின்சார கார் வைக்கப்பட்டது. இருவர் உட்காரலாம். செய்தது எடி கம்பெனி, ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தின் துணையோடு. ஆலைகள் இங்கே சாலக்குடியிலும், நம் கோயமுத்தூரிலும்! சொன்ன காரைச் செய்து காட்டினார்கள். ஆனால் விற்றது சொற்பம். அன்றைய பேட்டரியும் அன்றைய மின்வெட்டும் அதற்கு இடம் தரவில்லை. செய்யாமலே விளம்பரம் செய்தவர்களோடு இவர்களை ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பது நமது அபிப்பிராயம்.

அரசுகளும் இதில் சளைத்தவை அல்ல. 2022-க்குள் பத்து லட்சம் மின்சார வண்டிகள் என்று கேரளம் 2019-ல் இலக்கு வைத்தது, அது எட்டவில்லை. அதே 2019 பிப்ரவரியில் திருவனந்தபுரத்திலிருந்து எர்ணாகுளம் புறப்பட்ட மின்சார பஸ், முதல் நாளே சேர்த்தலையில் சார்ஜ் தீர்ந்து நின்றது. பிரயாணிகளின் பாடு திண்டாட்டந்தான். பிறகு 2022-ல் வந்த சிட்டி சர்க்குலர் மின்சார பஸ்களில் நம்மவர்கள் ஏறி இறங்கிப் பழகிவிட்டார்கள். அதற்குள் 2024 ஜனவரியில், இந்த பஸ்களால் லாபமில்லை என்று போக்குவரத்து அமைச்சர் கணேஷ்குமார் சொல்லி, அவர் கட்சிகளின் அணிக்குள்ளேயே சண்டை மூண்டது தனிக் கதை.

தூத்துக்குடியில் நடந்தது

எல்லா வாக்கும் பொய்யல்ல. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கம்பெனி தூத்துக்குடியில் மின்சார கார் ஆலைக்கு 2024 பிப்ரவரி 25-ல் அடிக்கல் நாட்டியது. 2025 ஆகஸ்டு 4-ல் ஆலை திறக்கப்பட்டது. ஆரம்ப அளவு ஆண்டுக்கு 50,000 கார். அத்தனையும் விற்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்திருக்கும் வாலிபர்களுக்கு, ஊரில் வேலை என்று காட்ட ஒரு கட்டடமாவது நிற்கிறது.

வண்டி வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பதிவுப் பணம் திரும்பி வருமா என்பதை எழுத்தில் பார்த்த பிறகே கட்டவும். இந்த ஊரில் பழுது பார்க்கும் இடம் எங்கே என்று நேரில் போய்ப் பார்க்கவும். அங்கே மழையில் நிற்கும் வண்டிகளை எண்ணினாலே பாதி விஷயம் விளங்கிவிடும். தகராறு வந்தால் கூப்பிட வேண்டிய எண் 1915.

வண்டியை நாகர்கோவிலில் வாங்கிவிட்டு இங்கே வேலை பார்ப்பவர்கள், வழக்குக்காக ஊருக்கு லீவு போட்டு அலைய வேண்டாம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ரசீதையும், தேதி போட்ட விளம்பரத்தையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.