திறக்க ஒரு தட்டு... மூட ஒரு பதிகமா?

வேதாரண்யம் கோயில் கதவுக் கதை தெரியும்தானே? அடைத்துக் கிடந்த கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகமே பாட வேண்டியிருந்ததாம். மூடுவதற்குச் சம்பந்தருக்கு ஒரே பாட்டு போதுமாக இருந்ததாம்.

நம் செல்போனில் கதை தலைகீழ்! உள்ளே போக 'சம்மதம்' என்று ஒரு தட்டு. வெளியே வரவோ... அந்த மெனு, அதற்குள் இன்னொரு மெனு, 'நிஜமாகவே எங்களை விட்டுப் போறீங்களா?' என்று மூக்கைச் சிந்தும் கேள்வி... பதிகத்தையும் தாண்டிவிடும்!

சரி, அந்தச் சம்மதத்தையாவது படித்துவிட்டா கொடுத்தோம்? நாளெல்லாம் உப்பளத்தில் வெந்துவிட்டு வருகிறவர், பக்கம் பக்கமாக ஓடும் இங்கிலீஷ் நிபந்தனைகளை எங்கே படிக்க? வக்கீலே பாதியில் கொட்டாவி விடுவார்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு மூன்று பதில் வைத்திருக்கிறது.

ஒன்று: எந்தத் தகவலை, எதற்காக எடுக்கிறோம் என்பதை எளிய நடையில் சொல்லணும். ஆங்கிலம் தவிர, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் படிக்க வழி வேண்டும். அதில் தமிழும் உண்டு!

இரண்டு: தேவையானதற்கு மட்டுமே சம்மதம் செல்லும். சட்டமே உதாரணம் தருகிறது. போன் மூலம் வைத்தியம் பார்க்கும் ஒரு ஆப், போனிலுள்ள நம்பர்களையும் கேட்கிறது. நீங்களும் 'சரி' என்கிறீர்கள். வைத்தியத்துக்கு மச்சான் நம்பர் எதற்கு? அந்தச் 'சரி' செல்லாது.

மூன்று: சம்மதத்தை வாபஸ் வாங்குவது, கொடுத்த அளவுக்கே சுலபமாக இருக்கணும்.

விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இவை அமலாக அதிலிருந்து 18 மாத அவகாசம்.

ஆனால், இது நம் தகவல்களுக்கு மட்டும்தான் காவல். 'காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்வோம்' என்கிற மாதிரி நிபந்தனைகள்? காசு கொடுத்துப் பெறும் சேவை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று புகார் செய்யலாம். அந்த நிபந்தனை செல்லாது என்று அறிவிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால், மாவட்ட ஆணையத்தில் முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போகணும். சில நூறு ரூபாய் சந்தாவுக்காக யார் அவ்வளவு தூரம் மல்லுக்கட்டுவார்? அதனால்தான், நிபந்தனை வாசலிலேயே ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறோம்.

உப்புச் சட்டத்தையே 1930-ல் 'ஏன்?' என்று கேட்ட ஊர் வேதாரண்யம். 'எனக்குத் தமிழில் காட்டுப்பா, அப்புறம் தட்டறேன்' என்று கேட்கவா தயங்கப்போகிறது?