உங்களுக்குத் தெரியுமா? – கரப்பானும் ஹவுஸ் சர்ஜனும்

● குழந்தைகளுக்கு வரும் கரப்பானை, அதாவது மருத்துவர்கள் 'அட்டோபிக் டெர்மடைட்டிஸ்' என்று எழுதும் எக்ஸிமாவை, உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கண்ணால் பார்த்து, வாயால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் தோல் பிரிவில் இருப்பதோ வாரக் கணக்கில்தான். அதனால் எதைக் கேட்பது என்று தெரிந்திருப்பது பாதி வைத்தியம்.

● 1980-இல் ஹனிஃபின், ராய்கா இருவரும் வகுத்த பட்டியலில் பெரிய அடையாளங்கள் 4, சிறியவை 23. ஓ.பி. வரிசை வாசல் தாண்டி நீளும்போது 23-ஐ யார் எண்ணுவது? 1994-இல் ஹைவெல் வில்லியம்ஸும் அவரது பிரிட்டிஷ் குழுவும் அதைச் சுருக்கினார்கள். அரிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே இந்த ஐந்தில் குறைந்தது மூன்று வேண்டும்: இரண்டு வயதுக்குள் தொடங்கியது, மடிப்புகளில் முன்பு வந்திருப்பது, இப்போதும் மடிப்பில் தெரிவது, உடம்பெல்லாம் வறட்சி, இளைப்பு அல்லது மூக்கு ஒவ்வாமை. அரிப்பே இல்லையென்றால் வேறு நோயைத் தேடலாம்.

● கன்னமெல்லாம் சொரசொரத்துக் கிடக்கும் கைக்குழந்தைக்கு, டயப்பர் கட்டும் இடம் மட்டும் பெரும்பாலும் தப்பித்துவிடும். அவிழ்த்துப் பார்க்காமல் இது தெரியாது.

● நம் ஊரில் இளம் மருத்துவரை அதிகம் ஏமாற்றுவது சிரங்கு. "வீட்டுல வேற யாருக்காவது ராத்திரியில அரிக்குதாம்மா?" என்ற ஒரு கேள்வி போதும், பல நேரம் குட்டு உடைந்துவிடும். விரலிடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால், இவற்றையும் பார்த்துவிட வேண்டும். சிரங்குக்கு ஸ்டீராய்டு தடவினால் அரிப்பு கொஞ்சம் அடங்கும். பூச்சி சாகாது, வீடு முழுக்கப் பரவும்.

● பாடப்புத்தகம் 'சிவந்த தோல்' என்கிறது. மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு சாம்பலாக, ஊதாவாக, கரும்பழுப்பாகத் தெரியும். சில குழந்தைகளுக்கு முடிக்கால்களில் குண்டூசித்தலை போன்ற பொரிகள் மட்டும் இருக்கும். சிவப்பைத் தேடுகிறவர் கடுமையான நோயை லேசானது என்று எழுதிவிடுவார். விரலால் தடவிப் பார்த்தால் தப்பு குறையும். லண்டன் செயின்ட் ஜார்ஜ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற மாணவர், கறுப்புத் தோலில் நோய்கள் எப்படித் தெரியும் என்று காட்டும் 'மைண்ட் தி கேப்' என்ற கையேட்டைத் தன் ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து 2020-இல் வெளியிட்டார். பேராசிரியர்கள் எழுதியிருக்க வேண்டிய புத்தகத்துக்கு ஒரு மாணவர் கேட்க வேண்டியிருந்தது!

● "ரத்தம் கெட்டுப்போச்சு, சுத்தம் பண்ண மருந்து குடுங்க" என்று கேட்கும் பாட்டிக்கு 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து ஒரு பதில் வந்தது. இர்வின் மெக்லீன் குழுவினர், தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணு பழுதானவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது என்று காட்டினார்கள். அவர்கள் தோல் பூச்சு உதிர்ந்த சுவர். ஈரம் வெளியே போகும், வேண்டாதது உள்ளே வரும்.

● 'லேசாகத் தடவவும்' என்று சீட்டில் எழுதுவது கிட்டத்தட்ட ஒன்றும் எழுதாததற்குச் சமம். கார்டிஃபில் லாங், ஃபின்லே இருவரும் 1991-இல் ஓர் எளிய அளவைத் தந்தார்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கிய ஆயின்மென்ட் ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். நான்கு மாதக் குழந்தையின் ஒரு கைக்கு ஒரு விரல்நுனி, ஒரு காலுக்கு ஒன்றரை. விரல் மட்டும் அம்மாவுடையதாக இருக்க வேண்டும். அளவு தெரியாத அம்மா பயந்து பயந்து தொட்டு வைப்பார், நோய் அடங்காது, "மருந்து கேட்கலை" என்று அடுத்த டாக்டரிடம் போவார்.

● ஸ்டீராய்டு க்ரீம்களின் வீரியத்தை எப்படி அளந்தார்கள்? தோலில் பூசி, அது எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்துத்தான். மெக்கென்சி, ஸ்டௌட்டன் இருவரும் 1962-இல் கொண்டுவந்த சோதனை இது. தோல் எல்லா இடத்திலும் ஒரே அளவு உறிஞ்சாது என்பதை ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் 1967-இல் அளந்து சொன்னார்கள்: ஹைட்ரோகார்ட்டிசோனை முன்கை உறிஞ்சுவதைப்போல நெற்றி ஆறு மடங்கும் விதைப்பை 42 மடங்கும் உறிஞ்சும். முழங்காலுக்கு எழுதிய க்ளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டைக் கண்ணிமைக்கும் பூசாதபடி சொல்லி அனுப்புவது மருத்துவரின் வேலை. மேலே பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மத்திய அரசு 2018-இல் 'ஹெச்' அட்டவணைக்குள் கொண்டுவந்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. மெடிக்கல் ஷாப்பில் நின்று பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும்.

● எக்ஸிமா அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கில்லை. ஹிஸ்டமினை அடக்கும் செட்ரிசினை எழுதுவது பெரும்பாலும் கைப்பழக்கம்.

● தேங்காயெண்ணெய் தடவும் பாட்டியைக் கடிந்துகொள்ள வேண்டாம். பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், வெர்ஜின் தேங்காயெண்ணெய் மினரல் ஆயிலை முந்தியது. ஆலிவ் எண்ணெய்க்கு அந்தப் பெருமை இல்லை. அது தோலின் காப்பை இளக்குகிறது என்று அதற்கு முந்தைய ஆண்டே ஷெஃபீல்டில் கண்டார்கள். ஈரப்பூச்சு எந்த வகை என்பதும் பெரிய விஷயமில்லை: 2022-இல் பிரிட்டனில் லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்மென்ட் நான்கையும் ஒப்பிட்டதில் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. அளவுதான் முக்கியம். குழந்தைக்கு வாரம் 250 கிராமாவது வேண்டும் என்பது பிரிட்டிஷ் வழிகாட்டி. ஐம்பது கிராம் டியூப் எழுதிவிட்டு மாதம் கழித்து வரச் சொன்னால் கணக்கு உதைக்கும். கட்டுப்படியாகிற விலையில் உள்ளதை எழுதலாம்.

● கத்திரிக்காய், கருவாடு, முட்டை என்று வீட்டில் பத்தியம் தொடங்கியிருக்கும். தடுப்பதற்கு முன் என்னென்ன நிறுத்தினார்கள் என்று கேட்டு, குழந்தையின் எடையைப் பார்க்க வேண்டும். காரணமில்லாமல் ஒவ்வொன்றாக நிறுத்தினால் சத்துக்குறைவுதான் மிஞ்சும்.

● ஓ.பி. முடிகிற நேரத்தில் வந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாத எக்ஸிமாக் குழந்தை ஒன்று உண்டு. காய்ச்சல், வலி, ஒரே அளவில் துளையிட்டாற்போல் குட்டிக்குட்டிப் புண்கள். கபோசி என்ற மருத்துவர் 1887-இல் விவரித்த நிலை இது. காரணம் பெரும்பாலும் ஹெர்ப்பிஸ் கிருமி. ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே அசைக்ளோவிர், கண்ணருகே புண் இருந்தால் கண் மருத்துவரும் அன்றைக்கே.