களத்தின் கதை – 11: பந்து காலில் இல்லாதபோது

சென்ற வாரம் வரை சமவெளி வெயிலில் நின்றோம். இந்த வாரம் வத்தலக்குண்டு தாண்டி மலையேறுவோம். ஸ்வெட்டர் அவசியம்.

ஜூன் மாதம், பள்ளி திறந்த புதிது. கோடைக்கானலில் காலை ஏழு மணிக்கு மைதானத்தின் ஒரு கோல் போஸ்ட் தெரியும். எதிர்ப்பக்கத்துப் போஸ்ட் மூடுபனிக்குள் இருக்கும். உடற்கல்வி ஆசிரியர் தன் நோட்டை பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டு எழுதுவார்; சாரலில் மை ஊறிவிடும். கால்பந்து அணியில் சேர நாற்பது பையன்கள் வந்திருப்பார்கள். அணியில் இடம் என்னவோ பதினெட்டோ பதினாறோதான். எந்தப் பள்ளி என்று கேட்க வேண்டாம், மலையில் எந்த மைதானத்துக்குப் போனாலும் இதே காட்சிதான்.

1901இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே ‘ஹைகிளர்க்’ என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றைய கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதுதான். ஆண்டுதோறும் ஆட்களை வரவழைத்து, ஆடவிட்டுப் பார்த்து அணி சேர்க்கும் வழக்கத்தை அமெரிக்கப் பள்ளிகளில் ‘டிரையவுட்’ என்பார்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் அதே வேலைக்குப் பெயர் ‘செலக்‌ஷன்’. தலைவலியில் வித்தியாசம் கிடையாது. தேறியவர்கள் 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் குறுவட்டம், மாவட்டம் என்று படிப்படியாக மாநிலப் போட்டி வரை போகலாம்.

முதலில் ஸ்டாப்வாட்ச். மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதித் தேர்வில் 50 மீட்டர் வேக ஓட்டமும் 600 மீட்டர் ஓட்டமும் உண்டு. அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டத்தை இன்றும் பல பயிற்சியாளர்கள் விடவில்லை. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கிய யோ-யோ தேர்வு கால்பந்துக்கு இன்னும் நெருக்கமானது. இருபது மீட்டர் போய்த் திரும்பி, பத்து விநாடி மூச்சு வாங்கி, மறுபடி ஓட வேண்டும்; வேகம் ஏறிக்கொண்டே போகும். ஆட்டத்தில் யாரும் 12 நிமிடம் ஒரே சீராக ஓடுவதில்லை என்பதால் இதுவே நியாயமான அளவுகோல்.

ஆனால் கோடைக்கானலில் கடிகாரத்தை அப்படியே நம்ப முடியாது. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பிறந்து, பூண்டுத் தோட்டத்து மேட்டில் ஏறி இறங்கி வளர்ந்த பையன் முதல் நாளே சிரித்துக்கொண்டு ஓடுவான். விடுதியில் சேர மதுரையிலிருந்து நேற்று வந்த பையன் மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இரண்டு வாரம் கழித்து ஓடவிட்டால் இவன் கணக்கே வேறாக இருக்கும். முதல் நாள் ஓட்டத்தை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பதுதான் மலைக்குப் பொருந்தும் செலக்‌ஷன்.

பந்தும் இங்கே ஏமாற்றும். மெலிந்த காற்றில் அது வேகம் அதிகம் குறையாமல் தூரமாகப் போகும். வளைத்து அடித்தால் எதிர்பார்த்த அளவு வளையாது. உயரத்தில் ஆடும் சிக்கல் உலக அளவில் பெரிய சண்டையாகவே வெடித்தது. 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேசப் போட்டி கூடாது என்று ஃபிஃபா 2007இல் தடை போட, பொலிவியா கொதித்தது. அடுத்த ஆண்டே தடை விலகியது. 2009 ஏப்ரலில் பொலிவியாவின் 3,600 மீட்டர் உயரத்து லா பாஸில் மரடோனா பயிற்சியளித்த, மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா 6-1 என்று தோற்றது. கோடைக்கானல் உயரம் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் மலையில் அளவு பிசகாமல் நீளப் பாஸ் போட்டுப் பேர் வாங்கிய பையன், மாவட்டப் போட்டிக்குத் திண்டுக்கல் இறங்கினால் முதல் பத்து நிமிடம் தடுமாறத்தான் செய்வான். அவன் பாஸ் இப்போது குட்டையாக விழும்.

கடிகாரமும் பந்தும் இப்படி ஏமாற்றுவதால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுவிட்டு, நாலுக்கு நாலு என்று சின்ன ஆட்டம் வைக்கிறார்கள். இடம் குறைவு, ஒளிய வழியில்லை. 7ஆம் எண் பையன் மூன்று பேரை வெட்டிக்கொண்டு போகிறான். ஓரத்தில் நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள். நான்காவது ஆள் பந்தைப் பறித்ததும் கையை இடுப்பில் வைத்து நின்றுவிடுகிறான். 12ஆம் எண் பையன் எதுவும் செய்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் பந்து வருவதற்குள் இரண்டு முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறான். முதல் டச்சிலேயே பந்தை ஆளில்லாத பக்கம் தள்ளிவிடுகிறான். பறிகொடுத்தால் பறித்தவனை அந்த நொடியே துரத்துகிறான். நோட்டில் முதலில் ஏறுவது 12.

நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப் சிறுவர்களை நான்கு தலைப்புகளில் பார்ப்பதாகச் சொல்லும்: நுட்பம், ஆட்டத்தைப் படிக்கும் புத்தி, குணம், வேகம். வேகத்தை அளக்கக் கடிகாரம் போதும். மற்ற மூன்றுக்கும் கண்தான் வேண்டும், அந்தக் கண்ணும் தவறும். தாமதமாக வந்தவனை ‘ஒழுங்கில்லாதவன்’ என்று குறித்துவிடுவது சுலபம். மழையில் மரம் சாய்ந்து பஸ் நின்றிருக்கும் ஊர் இது.

பெரிய தவறு பிறந்த தேதியில் ஒளிந்திருக்கிறது. வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியில் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பதின்மூன்று வயதில் பதினோரு மாதம் என்பது நான்கு விரல் உயரம்கூட ஆகலாம். கனடாவின் ரோஜர் பார்ன்ஸ்லி 1985இல் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்து, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பதைக் காட்டினார். பயிற்சியாளர்கள் திறமை என்று தேர்ந்தெடுத்ததில் ஒரு பகுதி வெறும் வளர்த்தி. சான்றிதழில் வயதைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பிடிக்க மணிக்கட்டு எலும்பைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள். டிசம்பர் பையனுக்கு நடக்கும் அநியாயத்தைக் காட்ட ஒரு எக்ஸ்ரேயும் இல்லை. குள்ளம் என்று 16 வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் கழித்துவிட்ட ஜேமி வார்டி, 2016இல் லெஸ்டர் கிளப்புடன் இங்கிலாந்து பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். பிரெஞ்சு கிளப்புகள் உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிய கிரீஸ்மன் ஸ்பெயினுக்குப் போய் வளர்ந்து, 2018இல் பிரான்ஸுக்கே உலகக் கோப்பை வென்று கொடுத்தார்.

கண் தவறாமல் பார்த்ததற்கு நம் பக்கத்து உதாரணம் ஒரு மலைப் பையன்தான். சிக்கிமின் டிங்கிட்டாம் கிராமத்து பாய்ச்சுங் பூட்டியா, 1992இல் பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பையில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். இந்திய அணியின் முன்னாள் கோல்கீப்பர் பாஸ்கர் கங்குலி கண்ணில் பட்டார். மறு ஆண்டே கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலில் ஆடினார்.

கோடைக்கானல் மைதானத்தில் மூடுபனி இப்போது பாதி விலகியிருக்கிறது. கோலி இடத்துக்கு வந்தவர்களே இரண்டு பேர். அங்கே செலக்‌ஷன் அப்போதே முடிந்தது. மற்றவர்களின் பெயர்களைப் பேனாவில் எழுதிய ஆசிரியர், கீழே மூன்று பெயர்களை மட்டும் பென்சிலில் எழுதுகிறார். மூவரும் சின்னப் பையன்கள். ஒருவன் ஷூவை உதறிக்கொண்டு வந்து, “சார், நாளைக்கும் வரலாமா?” என்கிறான்.

“பஸ் கிடைச்சா வாடா.”

(தொடரும்)