போனுக்குள் நடக்கும் பந்தி

கரூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மூணு வருஷமா வெச்சிருக்கிற போன். மத்தியானத்துக்குள்ள சார்ஜ் இறங்கிடுது. 7,000 எம்ஏஎச் பேட்டரி, 100 வாட் சார்ஜர்னு இப்ப வர்ற போனுக்கு மாறிடலாமா? அதுவும் மூணு வருஷத்துல இப்படித்தான் ஆகுமா?”

இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. புதுப் போன் அறிமுக விழாக்களில் பேட்டரியின் முதல் நாளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆயிரமாவது நாளில் அது எப்படி இருக்கும் என்று மேடையில் யாரும் வாய் திறப்பதில்லை. வாங்குபவருக்கோ அதுதான் முக்கியம்.

போனைச் சார்ஜில் போட்டதும், பேட்டரியின் நேர்முனையிலிருந்து லித்தியம் அயனிகள் கிளம்பி, நடுவிலுள்ள திரவத்தைக் கடந்து, எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் போய் உட்காருகின்றன. போனைப் பயன்படுத்தும்போது எழுந்து வந்த வழியே திரும்புகின்றன. பள்ளிப் பாடம் இத்தோடு முடிந்துவிடும். அவை எப்படி உட்காருகின்றன என்பதில்தான் அழகே இருக்கிறது.

எதிர்முனை என்பது மெல்லிய செம்புத் தகட்டின் இருபுறமும் ஒரு தலைமுடித் தடிமனுக்குப் பூசிய கரும்பூச்சு. பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்தான். கார்பன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கோத்துக்கொண்ட தாள்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இரண்டு தாள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு. லித்தியம் நுழைந்தால் அது சுமார் 10 சதவீதம் விரியும். ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம், அதற்குமேல் இடமில்லை.

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தி விசாரிக்கும் பெரியவர் நாலு பேருக்காக எல்லா வரிசையிலும் இலை போடச் சொல்லமாட்டார். ஒரு வரிசையைத் திறந்து, அது நிரம்பிய பிறகே அடுத்ததைத் திறப்பார். கிராஃபைட்டும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஒட்டியிருக்கும் இரண்டு தாள்களை விலக்க ஆற்றல் செலவாகும். விலக்கியாகிவிட்டால் அதே வரிசையில் அடுத்தடுத்து உட்காருவது மலிவு. ஆனால் பக்கத்துப் பக்கத்து வரிசைகள் நிரம்பினால் ஒரே மின்னேற்றம் கொண்ட அயனிகள் ஒன்றையொன்று தள்ளும். அதனால் முதலில் மூன்று நான்கு வரிசை தள்ளி ஒரு வரிசை நிரம்புகிறது. பிறகு ஒன்றுவிட்டு ஒன்று. கடைசியில்தான் எல்லா வரிசையும்.

இந்தப் பந்தியைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணாடிச் சன்னல் வைத்த பரிசோதனைப் பேட்டரியைச் சார்ஜ் செய்தபடி நுண்ணோக்கியில் பார்த்தால், சாம்பல் கறுப்பாக இருந்த கிராஃபைட் துகள் முதலில் கருநீலமாகிறது. ஒன்றுவிட்டு ஒரு வரிசை நிரம்பும்போது சிவக்கிறது. எல்லா வரிசையும் நிரம்பியதும் பளபளவென்று பொன்னிறம். சாயம் எதுவும் சேர்க்கவில்லை. லித்தியத்தோடு கணக்காக வந்துசேரும் எலக்ட்ரான்கள் கார்பன் தாள்களில் பெருகப் பெருக, அவை ஒளியை உறிஞ்சும் விதமும் திருப்பி அனுப்பும் விதமும் மாறிவிடுகின்றன. காலையில் 100 சதவீதம் காட்டும் உங்கள் போனுக்குள் அந்தக் கரியில் பெரும்பகுதி பொன்னாகத்தான் இருக்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

இனி மண்டப வாசல். திரவத்தில் வரும் லித்தியம் தனியாக வருவதில்லை. நாலைந்து கரைப்பான் மூலக்கூறுகள் சுற்றமாகச் சூழ்ந்து வரும். உள்ளே அவற்றுக்கு இலை கிடையாது. பேட்டரியைத் தொழிற்சாலையில் முதல்முறை சார்ஜ் செய்யும்போதே, கிராஃபைட்டின் மேல் அந்தத் திரவம் கொஞ்சம் சிதைந்து மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. இந்தப் படலம்தான் வாசலில் நிற்பவர். சுற்றத்தை நிறுத்திவிட்டு லித்தியத்தை மட்டும் உள்ளே விடுவார், எலக்ட்ரானை வெளியே விடமாட்டார். அவர் இல்லையென்றால் மிச்சத் திரவமும் சிதைந்து தீர்ந்துபோகும். படலம் சரியாக அமையாத திரவத்தை ஊற்றினால், சுற்றமும் சேர்ந்து உள்ளே நுழைந்து தாள்களையே உரித்துவிடும்.

கரூர்க்காரரின் போன் தேய்ந்தது பெரும்பாலும் இந்த வாசலில்தான். படலம் வளர்வதை நிறுத்துவதே இல்லை, மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகும். தடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியம் அதில் சிக்கிக்கொள்ளும். சாப்பிட வந்தவர்களையே பிடித்து வாசல் சுவரில் வைத்துப் பூசுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆண்டு போகப்போக விருந்தாளிகளும் குறைவார்கள், வாசலும் குறுகும். வெப்பம் ஏறினால் இந்தப் பூச்சு வேகமாக நடக்கும். சித்திரை வெயிலில் கார் டாஷ்போர்டில் போனை விட்டுப்போவது, தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவது, இரண்டும் கூடாது என்பது இதனால்தான்.

100 வாட் சார்ஜர் என்பது நாலு பஸ் ஜனத்தை ஒரே நேரத்தில் வாசலில் இறக்கிவிடுவது. பந்தியில் இடம் இருக்கிறது, ஆனால் உள்ளே நடந்துபோக நேரம் வேண்டாமா? வாசலை ஒட்டிய இலைகள் நிரம்பிவிட்டால், பின்னால் வந்தவர்கள் படியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி வெளியே தங்கும் லித்தியம் உலோகமாகப் படிகிறது. அதில் ஒரு பகுதி மின்தொடர்பு அறுந்து, திரும்ப எந்தப் பந்திக்கும் வராது. ஊசியாக வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்.

நிறுவனங்களுக்கு இது தெரியும். அதிவேகச் சார்ஜ் போன்கள் பலவற்றில் பேட்டரியை இரண்டாகப் பிரித்து வைக்கிறார்கள். சூட்டை அளந்துகொண்டே மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். அறிவிக்கும் 100 வாட் தொடக்கத்தில் சில நிமிடங்கள்தான் ஓடும். ‘15 நிமிடத்தில் பாதி’ என்ற விளம்பரம் பந்தி காலியாக இருக்கும் நேரத்தின் கணக்கு. கடைசி 20 சதவீதம் எந்தப் போனிலும் நிதானமாகத்தான் ஏறும்.

வரலாறு வேண்டுவோருக்கு நாலு வரி. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் இந்த வகைப் பேட்டரிக்கான வேலையைத் தொடங்கினார். 1980இல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடு நேர்முனையைத் தந்தார். 1985இல் அகிரா யோஷினோ கார்பன் எதிர்முனையோடு அதை இணைத்தார். 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் நோபல். கிராஃபைட்டுக்குள் லித்தியம் போய்த் திரும்பும் என்று 1980களின் தொடக்கத்தில் பிரான்ஸின் கிரெனோபிளில் செய்துகாட்டிய மொராக்கோக்காரர் ரஷீத் யஜாமிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அது நியாயமாக எனக்குப் படவில்லை.

7,000 எம்ஏஎச் எப்படி வந்தது? கிராஃபைட்டோடு சிலிக்கான் சேர்த்ததால். சம எடைக்கு சிலிக்கான் கிட்டத்தட்ட பத்து மடங்கு லித்தியத்தை ஏற்கும். அதில் வரிசையும் இல்லை, ஒழுங்கும் இல்லை. வந்தவர்களையெல்லாம் வாரி அணைத்துக்கொண்டு மூன்று மடங்குக்கும் மேல் ஊதிவிடும். ஊதிச் சுருங்கும்போது வாசற்படலம் விரிசல் விடும். விரிசலில் புதிதாகப் படலம் படியும், மறுபடி லித்தியம் செலவு. அதனால்தான் சிலிக்கானைத் துளைகள் நிறைந்த கார்பனுக்குள் அடைத்து, அளவாகச் சேர்க்கிறார்கள். நல்ல பொறியியல், சந்தேகமில்லை. ஆனால் இத்தகைய பேட்டரி கொண்ட போன்கள் 2023இல்தான் கடைக்கு வரத் தொடங்கின. நம் வெயிலில் ஐந்து வருடம் உழைத்த அனுபவம் இன்னும் எதற்கும் கிடையாது.

ஆகவே எம்ஏஎச் எண்ணையும் வாட் எண்ணையும் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பார்க்கவேண்டிய எண், பேட்டரி 80 சதவீதக் கொள்ளளவுக்கு இறங்கும்வரை எத்தனை முழுச் சார்ஜ் தாங்கும் என்பது. இன்று பாதி, நாளை பாதி என்று செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு முறை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புது போன்கள் குறைந்தது 800 முறை தாங்கவேண்டும் என்பது சட்டம். அந்த எண்ணிக்கையை லேபிளிலும் அச்சிடுகிறார்கள். அதே மாடல் அங்கும் விற்கிறதென்றால் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

கரூர் வாசகருக்கு: போன் மந்தமாகவும் ஆகியிருந்தால், அதற்கும் பேட்டரியே காரணமாக இருக்கலாம். வலுவிழந்த பேட்டரியால் போன் திடீரென்று அணையாதிருக்கப் பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரி மாற்றியதும் அந்த வேகம் திரும்பியது. பின்மூடி உப்பியிருந்தால் இன்றே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மட்டும் மாற்றி, பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருக்கும்வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். புதியது வாங்கியே தீரவேண்டும் என்றால், கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை முறை சார்ஜ் தாங்கும், மூன்று வருடம் கழித்து இந்த மாடலுக்குப் பேட்டரி கிடைக்குமா. பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.