ராத்திரி 2 மணிக்கு காய்ச்சல் வந்தா யாரை எழுப்பணும்? இங்கிலாந்து பெண்கள் விடுதிப் பள்ளிகள் இயங்குவது எப்படி?

ராத்திரி 2 மணி. 11 வயது மாணவிக்கு காய்ச்சல். அப்பா, அம்மா வேறு நாட்டில். யாரை எழுப்புவாள்? விடுதிப் பள்ளியில் மகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் ஃபீஸுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இங்கிலாந்தின் செல்டன்ஹாம் லேடீஸ் காலேஜை எடுத்துக்கலாம். பேர்லதான் காலேஜ், 1853-ல் தொடங்கிய பள்ளி இது. 11 முதல் 18 வயது வரை மாணவிகள் படிக்கிறாங்க. வகுப்புகள் ஓரிடத்தில், தங்கும் இல்லங்கள் தனித்தனியாக.

ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு பொறுப்பாளர், 'ஹவுஸ்மிஸ்ட்ரஸ்'. நம்ம ஊர் வார்டன் மாதிரி கதவு பூட்டுவதோடு இவர் வேலை முடியாது. படிப்பு, உடல்நலம், தோழிகளோடு சண்டை எல்லாமே இவரிடம்தான் வரும். பெற்றோர் முதலில் பேசுவதும் இவரிடம்தான். பட்ஜெட், பிரின்சிபால் நியமனம் போன்றவை நிர்வாகக் குழுவின் கையில்.

சரி, அந்தப் பொறுப்பாளர் மீதே புகார் என்றால்?

இங்கிலாந்து அரசின் விடுதிப் பள்ளி விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. பெற்றோரும் இல்லாத, பள்ளி ஊழியரும் இல்லாத ஒருவரை மாணவிகள் நேரடியாகத் தொடர்புகொள்ள பள்ளி ஏற்பாடு செய்யணும். அவர் பெயரும் தொடர்பு எண்ணும் மாணவிகளுக்குத் தெரிந்திருக்கணும். காகிதத்தில் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை!

செலவு? 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20% வாட் வரி. விடுதிக் கட்டணமும் இதில் அடக்கம்.

பள்ளிகளின் ஆய்வு அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் கட்டும் முன் அதில் விடுதி பற்றிய பகுதியைப் படிச்சிடுங்க.